இணைய வேகம்: ஒப்பிட்டுப் பார்த்தே தெரிவு செய்வோம்

கண்டி நகரிலிருந்து அம்பிட்டிய நோக்கி ஏறும் வீதியில் கையடக்கத் தொலைபேசியுடன் செல்வோர் ஒரு விடயத்தை நன்கறிவர். ஒரு வளைவில் முழுமையாகத் தெரியும் சமிக்ஞை அடுத்த வளைவில் தேய்ந்துவிடும். கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு குன்று குறுக்கிட்டாலே அலைகள் வலுவிழந்து விடுகின்றன. ஆகவே, எந்த நிறுவனத்தின் இணையச் சேவை சிறந்தது என்ற கேள்விக்கு நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது.

இந்நாட்டில் ஒரு காலத்தில் ஐந்து கையடக்கத் தொலைபேசி நிறுவனங்கள் போட்டியிட்டன. 2018இல் எடிசலாட் ஹட்ச் நிறுவனத்துடனும், 2024இல் எயார்டெல் லங்கா டயலொக் நிறுவனத்துடனும் இணைந்தன. இன்று எஞ்சியிருப்பவை டயலொக், எஸ்.எல்.ரி. மொபிடெல், ஹட்ச் ஆகிய மூன்றே. தெரிவு சுருங்கும்போது அதனைக் கவனமாகச் செய்ய வேண்டியது அவசியமாகின்றது.

ஒப்பிட வேண்டியவை மூன்று. முதலாவது பதிவிறக்க வேகம். இது மெகாபிட் அளவில் கூறப்படுகின்றது. எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு மெகாபைட் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டாவது பதிவேற்ற வேகம். மாணவர் ஒப்படைகளை அனுப்புவதற்கும், வளைகுடா நாடுகளில் உழைக்கும் உறவினருடன் முகம் பார்த்துப் பேசுவதற்கும் இதுவே துணை. மூன்றாவது, மில்லிசெக்கனில் அளக்கப்படும் தாமதம். இது கூடினால் வேகம் இருந்தும் உரையாடல் தடுமாறும்.

விளம்பரங்கள் கூறுவது பெரும்பாலும் உச்ச வேகத்தையே. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அப்பகுதிப் பாவனையாளர் அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். அதிகாலையில் விரைந்தோடும் இணைப்பு இரவு எட்டு மணிக்குத் தவழ்வதன் காரணம் இதுவே. 2008ஆம் ஆண்டளவில் லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனம் சென்னை ஐ.ஐ.டி.யுடன் இணைந்து அகலப்பட்டைச் சேவையின் தரத்தை அளந்தபோது, பல்வேறு நேரங்களில் அளவீடு செய்தது. உள்நாட்டுச் சேவையகத்தையும் வெளிநாட்டுச் சேவையகத்தையும் தனித்தனியே சோதித்தது. அந்த முறை இன்றும் நமக்கு வழிகாட்டி.

எனவே, இணைப்பொன்றைப் பெறுமுன் அயலவரிடமுள்ள வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளை ஒரே தொலைபேசியில் இட்டு, வைஃபையை நிறுத்திவிட்டு, ஒரே சோதனைச் செயலியால் அளந்து பாருங்கள். வீட்டின் உள்ளேயும் முற்றத்திலும், காலையிலும் இரவிலும், சில நாட்களுக்கு அளப்பது நன்று. ஒரு தடவை கிடைக்கும் பெறுபேறு எதனையும் நிரூபிக்காது. இச்சோதனைகளுக்கும் டேட்டா செலவாகும் என்பதையும் மறக்கலாகாது.

இது வசதி பற்றிய விவகாரம் மட்டுமன்று. கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020இலும் 2021இலும், இணையவழிப் பாடத்துக்காக எமது பிள்ளைகள் மலை உச்சிகளிலும் மரங்களிலும் ஏறியதை நாம் கண்டோம். சமிக்ஞை எட்டாத வீட்டுப் பிள்ளை கல்வியில் பின்தங்கியது அப்பிள்ளையின் குற்றமன்று.

அம்பிட்டியவிலோ அக்குறணையிலோ வாழும் ஒரு குடும்பம் தானே அளந்து அறிவது ஓரளவுக்கே சாத்தியம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, நிறுவனங்களின் உண்மையான வேகத்தைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக அளந்து, மும்மொழிகளிலும் ஒழுங்காக வெளியிட வேண்டும். பணம் செலுத்துவோர் தாம் எதற்குச் செலுத்துகின்றோம் என்பதை அறிந்திருத்தல் சலுகையன்று, உரிமையே என்பது எமது நிலைப்பாடாகும்.