தீபாவளி வெடியும் பழைய பயமும்

மனமும் மூளையும் – 9

1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. தேர்தல் கூட்டத்தில் பேச பா.ஜ.க. தலைவர் அத்வானி கோவைக்கு வரவிருந்த நாள். ஆர்.எஸ்.புரம், காந்திபுரம், ரயில் நிலையம், அரசு மருத்துவமனை என்று அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம்.

அன்று அங்கே கடை வைத்திருந்த ஒருவரை நினைத்துக்கொள்வோம். சத்தமும் உயிர்பயமும் அவருக்கு ஒரே நொடியில் வந்தன. மூளையின் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா அவை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. அதற்கு ஒரு தடவையே போதும்.

அவிழ்ப்பதுதான் கடினம். ஒவ்வொரு தீபாவளிக்கும் தெருவில் வெடி வெடிக்கிறது, யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி, ‘இது வெறும் பட்டாசு’ என்று மெல்லக் கற்று அமிக்டலாவை அடக்குகிறது. பழைய பாடம் அழிவதில்லை. அதன் மேல் புதுப் பாடம் ஒன்று ஏறுகிறது, அவ்வளவுதான். அந்தப் புதுப் பாடமும் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்று உளவியலாளர் மார்க் பூட்டன் எலிகளில் காட்டினார். கூண்டை மாற்றினால் பயம் திரும்பிவிடும்.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள் விடிகாலை. உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்து, அதில் இருந்தவர் இறந்தார். இருபத்து நான்கு வருடத்துக்கு முந்தின நடுக்கம் அன்று யாருக்காவது திரும்பியிருந்தால் அது கோழைத்தனம் அல்ல. அவருடைய மூளையில் பழைய பாடம் அப்படியேதான் இருந்தது.

எல்லோருக்கும் இது நோயாவதில்லை. நோயானவர்களை நரம்பியல் ஆய்வாளர் முகமது மிலாத் ஆய்வகத்தில் பார்த்தார். பயமில்லை என்பதை அவர்களும் அன்றைக்கே கற்றார்கள், ஆனால் மறுநாள் அந்தப் பாடம் நினைவுக்கு வரவில்லை. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் (என்சிபிஎஸ்) சுமந்த்ர சட்டர்ஜி குழு கண்டது என்னை இன்னும் உலுக்கியது. நீடித்த அழுத்தத்துக்கு ஆளான எலிகளில் இடத்தையும் சூழலையும் நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸின் நரம்புக் கிளைகள் சுருங்கின; அமிக்டலாவில் கிளைகள் பெருகின. 21 நாள் ஓய்வுக்குப் பிறகு ஹிப்போகாம்பஸ் தேறியது. அமிக்டலா தேறவில்லை. காலம் தானாக ஆற்றிவிடும் என்று காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

“அந்தப் பக்கமே போவாதீங்க, உட்டுத் தள்ளுங்க” என்று அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் போகாதவரின் மூளைக்கு, போனால் ஒன்றும் ஆகாது என்று கற்க வழியே இல்லை. உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த சிகிச்சை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. பயிற்சி பெற்றவரின் துணையோடு நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஒதுக்கி வைத்த இடங்களில் ஆபத்தில்லாதவற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். ஆலோசனை அறைக்குள் மட்டும் கற்றால் போதாது, அந்தத் தெருவிலும் கற்க வேண்டும். பிடித்து இழுத்துப் போகிற வேலையும் அல்ல இது. கோவை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

பழைய பாடத்தையே திறந்து மாற்ற முடியுமா? நரம்பியல் ஆய்வாளர் கரீம் நாதர் 2000இல் எலிகளிடம் செய்து பார்த்ததை அடுத்த வாரம் பார்ப்போம்.