ரயில் ஒன்று, உயர் நீதிமன்றம் மூன்று

விவாகரத்துச் சட்டம் நாடு முழுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் பங்காருபேட்டை போன்ற எல்லையோர ஊர்களில், வழக்கு எந்த ஊர் கோர்ட்டில் நடக்கிறது என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

பங்காருபேட்டை ஜங்ஷனில் ஜோலார்பேட்டை பக்கம் போகும் ரயிலில் ஏறினால் அடுத்த பெரிய ஊர் குப்பம். அது ஆந்திரம். அங்கிருந்து ஜோலார்பேட்டை வந்துவிட்டால் தமிழ்நாடு. ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் மூன்று மாநிலங்களைப் பார்த்துவிடலாம்.

கோலார் தங்கவயலுக்கு ஆள் சேர்த்த காலத்தில் இந்தப் பாதை வழியாகத்தான் வட ஆற்காட்டுக் குடும்பங்கள் வந்து குடியேறின. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்புக்காக பெங்களூருக்கு தினமும் ரயிலேறும் கூட்டம் பெருகியது. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், குப்பம் என்று பழைய வழியிலேயே நடக்கிறது. சம்பந்தம் பேசும்போது யாருக்கும் எல்லை தெரிவதில்லை. அது முறியும்போதுதான் தெரிகிறது.

இப்படி ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். பெண்ணுக்கு ஆம்பூர், பிள்ளைக்கு பங்காருபேட்டை. கல்யாணம் ஆம்பூரில் நடந்தது. மூன்று வருடம் பங்காருபேட்டையில் குடித்தனம். பிறகு மனஸ்தாபம் முற்றி, கைக்குழந்தையோடு அவள் தாய்வீடு திரும்புகிறாள். ஆறு மாதம் கழித்து தபாலில் வருகிறது ஒரு சம்மன். கன்னடத்தில் இருக்கிறது. படித்துச் சொல்ல அந்தத் தெருவில் ஆளில்லை.

இது உதாரணத்துக்குச் சொன்ன கதைதான். ஆனால் எல்லையோரக் குடும்பங்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது.

எங்கே மனு போடலாம்?

இந்து திருமணச் சட்டம் 1955-இல் வந்தது. பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் அதுவே பொருந்தும். கொடுமை, இரண்டு ஆண்டு கைவிட்டுப் போனது, பிறருடன் உறவு, மதமாற்றம் முதலான காரணங்கள் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் ஒன்றே. கல்யாணமாகி ஓராண்டு ஆகாமல் பொதுவாக மனு போட முடியாது என்பதும் ஒன்றே. தொழுநோய் என்ற காரணம் 2019-இல் நீக்கப்பட்டது.

வேறுபடுவது இடம். கல்யாணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பு வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகிய மூன்றில் எங்கு வேண்டுமானாலும் வழக்குத் தொடரலாம். 2003-இல் செய்த திருத்தம் பெண்ணுக்கு மட்டும் நான்காவதாக ஒரு வழியைத் திறந்துவிட்டது: மனைவி மனு போடுவதானால், அவள் இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம். நமது உதாரணத்தில் கணவன் கர்நாடகத்திலும் மனைவி தமிழ்நாட்டிலும் மனு போட முடியும். இரண்டும் சட்டப்படி சரியே.

சிக்கல் இங்குதான். இருவரும் தனித்தனியே விவாகரத்து கேட்டால், பிந்திய மனு முந்திய மனு இருக்கும் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 21ஏ பிரிவு. மாநிலம் வேறானாலும் இதே விதிதான். முந்திக்கொண்டவர் கை ஓங்கிவிடுகிறது.

ஆம்பூரிலிருந்து டெல்லிக்கு

வழக்கைத் தன் ஊருக்கு மாற்றிக் கேட்கலாமே? கேட்கலாம். ஆனால் யாரிடம் என்பதில்தான் எல்லைக்கோடு குறுக்கே வந்து நிற்கிறது. ஒரே மாநிலத்துக்குள் என்றால் உயர் நீதிமன்றம் மாற்றித் தரும். ஒரு உயர் நீதிமன்றத்தின் கீழுள்ள வழக்கை வேறொரு உயர் நீதிமன்றத்தின் எல்லைக்கு மாற்ற உச்ச நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். 2008-இல் துர்கேஷ் சர்மா வழக்கில் இது உறுதியானது. கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு வழக்கை மாற்ற டெல்லி போக வேண்டியதில்லை. பங்காருபேட்டைப் பக்கத்திலிருந்து ஆம்பூருக்கு மாற்ற டெல்லி போக வேண்டும்.

ஆறுதலான விஷயங்களும் உண்டு. 21ஏ பிரிவு இருந்தாலும், நியாயம் என்று பட்டால் வழக்கை மாற்றும் அதிகாரம் தனக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1981-இலேயே சொல்லிவிட்டது. இப்படிப்பட்ட மனுக்களில் பொதுவாக மனைவியின் வசதியையே பார்க்க வேண்டும் என்று 2022-இல் மீண்டும் வலியுறுத்தியது. கைக்குழந்தை, துணைக்கு ஆளில்லாமை, வருமானமின்மை ஆகியவை அங்கே எடுபடும் காரணங்கள். செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் அதிகாரச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. உச்ச நீதிமன்றம் வரைக்கும் அது செல்லும். தாலுகா கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவிடம் கேட்கலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

அதுவரை செய்யக்கூடாத ஒன்று: சம்மனைத் திருப்பி அனுப்புவது. 'வாங்காவிட்டால் வழக்கு நடக்காது' என்று சொல்லித் தருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வாங்க மறுத்தாலும் சம்மன் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். வாய்தாவுக்குப் போகாதவருக்கு எதிராக ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். அதை ரத்து செய்யக் கோர 30 நாள்தான் அவகாசம். சம்மனே முறையாக வரவில்லை என்றால், தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள்.

ஜீவனாம்சத்துக்கு இந்த அலைச்சல் இல்லை. 2024 ஜூலை முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவுக்குப் பதிலாக வந்துள்ள புதிய சட்டத்தின் 144-ஆவது பிரிவின்படி, மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர்கூடப் போதும். விவாகரத்து வழக்கு எங்கே நடந்தாலும் வழக்குச் செலவையும் இடைக்கால ஜீவனாம்சத்தையும் அந்தக் கோர்ட்டிலேயே கேட்கலாம்.

மாநிலத்துக்கு மாநிலம்

சட்டமே மாறும் இடங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று இந்த ஊர்க்காரர்களை நேரடியாகத் தொடுகிறது. தங்கவயல், திராவிட இயக்கமும் அம்பேத்கர் இயக்கமும் வேரூன்றிய மண். புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணம் இங்கே புதிதல்ல. ஆனால் அதற்குச் சட்ட அங்கீகாரம் தரும் 7ஏ பிரிவு, அண்ணா முதல்வராக இருந்தபோது தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம். பின்னர் புதுச்சேரிக்கும் விரிந்தது. கர்நாடகத்தில் அது கிடையாது. மணமக்களில் ஒருவர் குல வழக்கப்படியாவது சடங்கு நடந்திருக்க வேண்டும். சடங்கே நடக்காமல் பதிவு மட்டும் செய்துகொண்டால் அது இந்து திருமணமாகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிவைக் கேட்டு வந்தவர், முதலில் கல்யாணம் நடந்ததை நிரூபிக்க நேரிடலாம். சடங்கு வேண்டாம் என்பவர்களுக்கு எல்லா மாநிலத்திலும் பாதுகாப்பானது 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்.

கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டுச் சட்டம். கணவனும் மனைவியும் மனமொத்துப் பிரிய, இரண்டாண்டு தனித்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. மற்றவர்களுக்கு ஓராண்டு இருக்க இவர்களுக்கு மட்டும் ஏன் இரண்டு என்று கேட்ட கேரள உயர் நீதிமன்றம், 2010-இல் அதை ஓராண்டாகக் குறைத்துப் படித்தது. கர்நாடக உயர் நீதிமன்றமும் பின்னர் அதே வழியில் சென்றது.

முஸ்லிம் பெண் தானாகக் கேட்டுப் பெறும் 'குலா' விஷயத்தில் நீதிமன்றத்துக்கு வெளியே நடப்பதையும் கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் ஏற்றது. ஜமாத் போன்ற தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்கு வாருங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியது. கோவாவில் போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சிவில் சட்டம் தொடர்கிறது. உத்தரகண்டில் 2025 ஜனவரி 27 முதல் பொது சிவில் சட்டம் அமலில் இருக்கிறது.

பத்திரம் எழுதினால் போதுமா?

இந்த அலைச்சலுக்கெல்லாம் பயந்துதான் பலர் பெரிய மனிதர்களைக் கூட்டி, முத்திரைத்தாளில் 'இனி உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முடிக்கிறார்கள். சீர்வரிசைப் பாத்திரமும் நகையும் கைமாறுகின்றன. எல்லாம் முடிந்ததாக இரு வீட்டாரும் நம்புகிறார்கள். முடிவதில்லை. வழக்காற்று மணவிலக்கைச் சட்டம் ஒரேயடியாக மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக அப்படியொரு வழக்கம் உண்டு என்பதைக் கோர்ட்டில் நிரூபித்தாக வேண்டும். நோட்டரி முத்திரை குத்தினால் அது நிரூபணமாகாது. அந்தப் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தவர் மீது இருதார வழக்கு வரலாம். ஏழாண்டு வரை சிறை. பென்ஷனும் பி.எஃப். பணமும் பிரிக்கும் நாளில், 'தீர்த்துவிட்ட' முதல் மனைவி வந்து நின்றால் சட்டம் அவள் பக்கம்தான் நிற்கும். வாழ வந்த இரண்டாமவள் வெறுங்கையோடு திரும்புவாள்.

அதே பெரிய மனிதர்களும் அதே சமரசமும் கோர்ட்டுக்குள் வந்தால் பயன் உண்டு. ஓராண்டு பிரிந்து வாழ்ந்த தம்பதி, 13பி பிரிவின்படி சம்மத விவாகரத்து கேட்கலாம். இரண்டாவது விசாரணைக்கு முன் காத்திருக்கச் சொல்லும் ஆறு மாதத்தை, தகுந்த சூழ்நிலையில் நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் வழி பிறந்தது. எந்த ஊர் என்பதை இருவரும் பேசி முடிவு செய்யலாம். குழந்தை யாரிடம், நகை யாரிடம், எவ்வளவு தொகை என்பதும் உத்தரவில் ஏறிவிடும். ஒரு தரப்பு சம்மதிக்காவிட்டால் காரணத்தை நிரூபித்துத்தான் ஆக வேண்டும். 'இனி ஒட்டாது' என்பதையே காரணமாக ஏற்றுப் பிரித்து வைக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் இருப்பதாக 2023-இல் அரசியல் சாசன அமர்வு சொன்னது.

பரணில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எந்த ஊர், எந்த மண்டபம், எந்தத் தேதி என்று அதில் அச்சாகியிருக்கிறது. வக்கீல் குமாஸ்தா முதலில் கேட்பது அதைத்தான். பங்காருபேட்டைக்கு மருமகளாக வருகிறவளும், இங்கிருந்து போகிறவளும், அதில் ஒரு பிரதியைத் தன் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. அது தேவைப்படாமலே போனால் இன்னும் நல்லது.