நாடும் குடிகளும்: கும்மிடிப்பூண்டியில் வசிப்பவர் யார்?

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தடா. தடாவில் கால் வைத்தால் ஆந்திர தேசம். சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் பெருஞ்சாலையும் இருப்புப் பாதையும் தமிழகத்தை விட்டு வெளியேறும் அந்தக் கோடியில் அமைந்திருக்கிறது கும்மிடிப்பூண்டி வட்டம். இந்த எல்லையை வகுத்தது மலையும் அன்று, நதியும் அன்று. 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது எழுந்த வழக்கு, ம.பொ.சிவஞானம் முதலியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சியாக வளர்ந்து, நடுவராக அமைந்த படாஸ்கரின் தீர்ப்பையொட்டிச் சட்டமாகி, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்து, அதற்கு ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில கிராமங்கள் அந்தப் பக்கம் போனபோதுதான் ஒருவாறு ஓய்ந்தது. கோடு கிழித்தாயிற்றே தவிர, பாஷை அந்தக் கோட்டுக்குக் கட்டுப்படவில்லை. வீட்டுக்குள் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் இங்கே ஏராளம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றளவும் எல்லை தாண்டித்தான் நடக்கின்றன.

நதிகளும் அப்படியே. ஆரணியாறு ஆந்திரத்தில் பிறந்து, பிச்சாட்டூர் அணையைக் கடந்து, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டு ஏரியில் விழுகிறது. கொசஸ்தலையாறு பூண்டியில் தேங்கி, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. வருஷத்தின் பெரும்பகுதி மணல் படுகையாகக் கிடந்து, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் கரை கொள்ளாமல் ஓடுவதே இரண்டின் இயல்பு. அந்த வெள்ளத்தைத் தேக்கிச் சென்னைக்குக் குடிநீராக்க வேண்டுமென்று நகர மேயராக இருந்தபோது பாடுபட்ட சத்தியமூர்த்தி 1943இல் காலமானார். மறு வருஷம் பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டு, பின்னர் அவர் பெயரையே தாங்கிற்று. 1983ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கண்டலேறு அணையிலிருந்து புறப்பட்ட கிருஷ்ணா நீர், 1996இல் இந்த ஜில்லாவின் வழியாகவே பூண்டிக்கு வந்து சேர்ந்தது. புழல், சோழவரம் ஏரிகளும் இந்தப் பக்கத்தவையே. கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்துக் கட்டிய நீர்த்தேக்கம் 2020இல் திறக்கப்பட்டது. சென்னையில் ஒரு குழாயைத் திறக்கிறவர் பெரும்பாலும் திருவள்ளூர்ச் சீமையின் வழியே வந்த தண்ணீரையே அருந்துகிறார்.

இந்த உபகாரத்துக்கு இந்தப் பிரதேசம் கொடுத்த விலையை மீஞ்சூரில் காணலாம். 1960களின் பிற்பகுதி தொடங்கி, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கி, நகரத்தின் தாகத்துக்கும் வடசென்னைத் தொழிற்சாலைகளின் தேவைக்கும் நிலத்தடி நீரை இறைத்தார்கள். இரண்டு ஆறுகளும் யுகயுகமாகக் கொண்டுவந்து கொட்டிய மணல் அடுக்குகளில் நன்னீர் நிறைந்திருந்தது. அந்த நீரின் அழுத்தமே கடலை அப்பால் நிறுத்தி வைத்திருந்தது. இறைத்த அளவுக்கு மழைநீர் இறங்காமற் போகவே, அழுத்தம் குறைந்து, உப்புநீர் பூமிக்குள்ளேயே மைல் கணக்கில் உட்புகுந்துவிட்டது. முப்போகம் கண்ட கிணறுகள் உவர்த்தன. பிறகு 2010இல், அதே மீஞ்சூருக்கு அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் என்ற கணக்கில் நகரத்துக்காக இயங்கத் தொடங்கியது. பூமி இலவசமாகச் செய்துவந்த காரியத்தை மின்சாரத்தைச் செலவிட்டு நாம் செய்யவேண்டி வந்தது பெருந்துக்கம் என்றே நான் கருதுகிறேன்.

பழவேற்காட்டைப் பற்றித் தனியே எழுதவேண்டும். டச்சுக்காரர் 1613இல் கட்டிய கெல்டிரியாக் கோட்டையையும், சிலிகாவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரிய அந்த உப்பங்கழியையும் ஒரு பாராவில் அடக்குவது நியாயமாகாது. ஏரியில் இன்ன நாள் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று மீனவர்கள் தங்களுக்குள் முறைவைத்துக்கொள்ளும் ‘பாடு’ என்ற ஏற்பாட்டை மாத்திரம் இங்கே குறிப்பிட்டுவைக்கிறேன்.

இனிக் குடிகளுக்கு வருவோம். திருவள்ளூர் தனி ஜில்லாவானது 1997 ஜனவரியில். 2001இல் 27,54,756 ஆக இருந்த அதன் ஜனத்தொகை, பத்தே வருஷத்தில் 37,28,104 ஆயிற்று. அதாவது நூற்றுக்கு 35க்கு மேல். அதே காலத்தில் தமிழகம் முழுமையும் வளர்ந்தது நூற்றுக்குச் சுமார் 15.6. இத்தனை பேர் தொட்டிலில் வந்தவர்கள் அல்லர், ரயிலிலும் லாரியிலும் வந்தவர்கள் என்பதை அறிய அதிகக் கணிதம் தேவையில்லை. இந்தத் தொகையோ இன்றைய ஜில்லாவுக்குப் பொருந்தாது: 2018இல் அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் முதலிய வட்டங்கள் சென்னை ஜில்லாவுக்குப் போய்விட்டன, 2021இல் எடுத்திருக்கவேண்டிய கணக்கு எடுக்கப்படவேயில்லை.

அவர்களில் பலரைக் கும்மிடிப்பூண்டிக்கு இழுத்தது தொழிற்பேட்டை. 1971இல் தோன்றிய சிப்காட் என்னும் அரசாங்க நிறுவனம், நகரத்துக்கு வடக்கே ரயிலும் நெடுஞ்சாலையும் துறைமுகமும் கைக்கெட்டும் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக இழுக்கும் உலைகள் இங்கே பல. பின்னால் தேர்வாய்கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் நிலமும் காடும் இரண்டாவது பேட்டைக்கென எடுக்கப்பட்டபோது, ஆடு மாடுகளை நம்பி வாழ்ந்த கிராமத்தார் வெகுவாக எதிர்த்துப் போராடினார்கள். ஆயினும் பேட்டை வந்தது, மிஷெலின் என்னும் பிரெஞ்சு டயர்க் கம்பெனியும் வந்தது.

பொழுது விடியும் வேளையில் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் நின்றால் இந்தச் சீமையின் ஜீவனம் கண்ணுக்குத் தெரியும். சென்னை சென்டிரலிலிருந்து சுமார் 48 கிலோமீட்டர் ஓடிவரும் மின்சார ரயில் ஷிப்டுக்குப் போகிறவர்களை இறக்கிவிட, கல்லூரிக்கும் காரியாலயத்துக்கும் நகரம் நோக்கிப் போகிறவர்கள் அதே பெட்டிகளில் ஏறிக்கொள்கிறார்கள். இவர்கள் இருதிறத்தாரும் நமக்குத் தெரிந்தவர்கள். மூன்றாவது திறத்தார் ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் வரிசை வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகளில் குடியிருப்பவர்கள். பத்தடிக்குப் பத்தடி அறையில் நால்வர் ஐவர். இரவு ஷிப்டு முடித்தவர் வந்து படுக்கும் பாய், பகல் ஷிப்டுக்குப் போனவர் எழுந்துபோன பாய். வாசலில் இரும்பு முனை வைத்த பூட்சுகள். கொடியில் உலர்கிற சட்டைகளின் மார்பிலும் கையிலும் உலைப்பொறி பட்டுப் பொத்தல் பொத்தலாகத் துளைகள். தெருமுனை மளிகைக் கடையில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் கடுகெண்ணெய் இடம்பிடித்திருக்கிறது. அரிசி மூட்டைக்குச் சமமாகக் கோதுமை மாவும் உருளைக்கிழங்கும் விற்கின்றன. கடைக்காரர் இந்தியில் கணக்குச் சொல்லவும் கற்றுக்கொண்டுவிட்டார்.

இவர்களுக்கு முன்னரே வந்து குடியேறியவர்கள் இலங்கைத் தமிழர். 1990ஐ ஒட்டிப் போருக்குத் தப்பி வந்தவர்களுக்காக இங்கே அமைந்த முகாம், தமிழகத்தின் பெரிய முகாம்களில் ஒன்று. 2021இல் இத்தகைய முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று அரசாங்கம் பெயர் மாற்றியது. இங்கேயே பிறந்து இங்கேயே படித்துப் பெரியவர்களான பிள்ளைகளில் பெரும்பாலோருக்கோ பிரஜா உரிமை இன்னும் கிட்டவில்லை.

அடுத்த ஜனத்தொகைக் கணக்குக்கு 2027 மார்ச் முதல் தேதி நள்ளிரவைக் குறித்திருக்கிறார்கள். ஒருவர் எங்கே பிறந்தார், முன்பு எங்கே வசித்தார், ஏன் பெயர்ந்து வந்தார் என்று கேட்பது நம் கணக்கெடுப்பில் நெடுநாளைய வழக்கம். அதன் விடைகளே ஓர் ஊருக்கு எத்தனை பள்ளி, எத்தனை ஆஸ்பத்திரி, எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை நிர்ணயிக்க உதவுகின்றன. கணக்கெடுப்பவர் காலை பத்து மணிக்கு வந்து தட்டினால், அந்த அறைகளில் பாதி பூட்டிக்கிடக்கும். மீதியில் இரவெல்லாம் உலையடியில் நின்றவர் அயர்ந்து தூங்குவார். ஆகையால் பேட்டையைச் சூழ்ந்த கிராமங்களில் ஷிப்டு மாறும் வேளையறிந்து மாலையிலும் ஒருமுறை போகவேண்டும். இந்தியோ ஒடியாவோ அறிந்த ஒருவரை உடன் அழைத்துப் போகவேண்டும். வாடகை வாங்கும் வீட்டுக்காரர் சொல்லும் எண்ணிக்கையோடு திரும்பிவிடாமல், அறையிலுள்ள ஒவ்வொருவரையும் நேரில் கேட்டு எழுதவேண்டும். கலெக்டர் காரியாலயம் இந்த ஏற்பாட்டை இப்போதே தொடங்கினால்தான் பிப்ரவரிக்குள் முடியும்.

(தொடரும்)