அதே தொழிலாளர்கள், அதே சங்கம், வேறு நிர்வாகம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்பும் புத்திமதி ஒன்று உண்டு: "சங்கம் கிங்கம் என்று போய்விடாதே, கம்பெனியையே இழுத்து மூடிவிடுவார்கள்." இந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்று பார்க்க, அமெரிக்காவில் நடந்த ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

கலிஃபோர்னியா மாநிலம் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. தொழிலாளர்கள் ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார்கள். ஆலைக்கு நல்ல பெயர் இல்லை. சுமார் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வருவதில்லை. வேலை நேரத்திலேயே குடி. தீராத புகார் மனுக்கள் ஆயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. 1982-ல் கம்பெனி ஆலையை மூடியது. பழி பெரும்பாலும் தொழிலாளர்கள் மேலும் சங்கத்தின் மேலும் விழுந்தது.

1984-ல் அதே ஆலை 'நும்மி' என்ற பெயரில் மீண்டும் திறந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் டொயோட்டாவும் கூட்டாக நடத்திய கம்பெனி அது; அன்றாட நிர்வாகம் டொயோட்டா கையில். பழைய சங்கத்தை ஏற்க டொயோட்டாவுக்கு முதலில் மனமில்லை. அமெரிக்காவின் முன்னாள் தொழிலாளர் அமைச்சர் யூசரி நடுவில் நின்று பேசி இணங்க வைத்தார். வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே. சில ஆண்டுகளுக்குள் வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேராகக் குறைந்தார்கள். கார்களின் தரம் ஜப்பானியத் தரத்தை நெருங்கியது.

மனிதர்கள் அவர்களேதான். அப்படியானால் மாறியது எது?

முன்பு, என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது என்பதே சட்டம். போல்ட் சரியாக மாட்டவில்லையா, கார் அப்படியே போகட்டும், கடைசியில் யார்டில் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். நும்மியில் தொழிலாளியின் தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கியது. தவறு தெரிந்தால் யாரும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். உடனே சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். "எதற்காக நிறுத்தினாய்?" என்று சீறுவதில்லை, "என்ன பிரச்சினை?" என்று கேட்பார்கள். தொழிலாளியின் கண்ணையும் மூளையையும் மதிப்பது என்பது இதுதான். அதிகாரிகளுக்குத் தனிச் சாப்பாட்டு அறையும் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விற்பனை குறைந்து ஆட்குறைப்பு செய்யும் நிலை வந்தால், அதற்கு முன் மேலதிகாரிகளின் சம்பளத்தைக் குறைப்பது, வெளியே கொடுத்த வேலையைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது போன்ற வழிகளை நிர்வாகம் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். பதிலுக்குச் சங்கமும் விட்டுக்கொடுத்தது: பல பத்துகளாக இருந்த வேலைப் பிரிவுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கின, ஒருவரே பல வேலை பார்க்க இசைந்தார். 1980-களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோது யாரையும் வெளியே அனுப்பவில்லை; உபரி ஆட்களைப் பயிற்சியில் உட்கார வைத்தார்கள். பொறுப்பை அமானிதமாக நினைக்கும் நிர்வாகம் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

அதற்காக அந்த இடத்தைச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். வேலையின் வேகம் தாங்க முடியவில்லை என்று சங்கத்துக்குள்ளேயே ஓர் எதிர் அணி குரல் கொடுத்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் இதே முறையைத் தன் வான் நைஸ் ஆலையில் புகுத்திப் பார்த்தது, எடுபடவில்லை. 1992-ல் அந்த ஆலையும் மூடப்பட்டது. மேலே உள்ளவர்கள் பழைய ஆட்களாகவே இருந்துகொண்டு கயிற்றை மட்டும் கட்டித் தொங்கவிட்டால் என்ன பயன்?

நும்மியின் முடிவும் தொழிலாளர்களால் வந்ததல்ல. 2009-ல் திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகியது. தனியே நடத்த டொயோட்டா விரும்பவில்லை. 2010 ஏப்ரல் 1 அன்று கடைசி கார் வெளியே வந்தது. சுமார் 4,700 பேர் வேலை இழந்தார்கள். வேலைநிறுத்தம் எதுவும் அப்போது அங்கே நடக்கவில்லை. இன்று அந்தக் கட்டடத்தில் டெஸ்லா கம்பெனி மின்சாரக் கார் தயாரிக்கிறது.