கோப்பைக்குள் ஒளிந்திருக்கும் வாடை

பனங்கட்டி காய்ச்சுவோர் அறிவர்: நீர் மிகுந்திருக்கும்போது கொதி சுலபம், பாகு இறுகிய பின்னரோ ஆவி வெளியேறத் திணறும், அடியும் பற்றும். பொலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கை ஆக்கும் ஆலைகளிலும் இதே தொல்லைதான்.

எதைல்பென்சீன் போன்ற கரைப்பானிலே ஸ்டைரீனைச் சூடாக்கி, அதன் மூலக்கூறுகளைச் சங்கிலிகளாகக் கோக்கின்றனர். எல்லாம் கோக்கப்படுவதில்லை. எஞ்சிய ஸ்டைரீனும் கரைப்பானும் பாகினுள்ளே தங்கிவிடும். அவற்றை நீக்காது கோப்பை வார்த்தால் உணவிலும் வாடை ஏறும். வாடை மாத்திரமோ? ஸ்டைரீன் மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் விளைப்பதென 2018இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வகைப்படுத்தியது.

நீக்கும் விதம் நயமானது. நிமிர்ந்து நிற்கும் மெல்லிய குழாய்கள் பல. வெளியே சுடும் எண்ணெய், உள்ளே பாகு. 200 பாகை சென்றிகிரேட்டுக்கு மேல் சூடேறிய பாகு, காற்று அகற்றப்பட்ட கலத்தினுள் விழுகிறது. சாதாரண அமுக்கத்திலேயே 145 பாகையிற் கொதிக்கும் ஸ்டைரீன், அங்கு நுரைத்துப் பொங்கி ஆவியாகிறது. அதனைக் குளிரவைத்து மீண்டும் பயன்படுத்துவர்.

மெல்லிய குழாய்கள் எதற்கு? இப்பாகு வெப்பத்தை எளிதிற் கடத்தாது. திரளாகச் சூடாக்கினால் உள்ளே வெப்பம் சேருமுன் வெளிப்புறம் கெடும். நெடுநேரம் வெந்தாலோ சங்கிலியே அறுந்து ஸ்டைரீன் மறுபடி பிறக்கும்! களையெடுக்கப் போய் களையையே விதைத்த கதைதான்.

செவ்வனே நடக்கும் ஆலையில் 1,000 கிலோவுக்கு அரைக் கிலோவிலும் குறைவாகவே ஸ்டைரீன் மிஞ்சும். எனினும், சுடுதேநீரையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் இக்கோப்பைகளில் இடுவதை நாம் விரும்போம். மிஞ்சியதை வெளியே இழுப்பவை சூடும் எண்ணெயுமே.