நடுவர் நடுநிலை வகித்தாரா?

அன்னிய ஆட்சி விடைபெறும் தறுவாயில், யுத்த நிறுத்தத்தையும் தேர்தலையும் மேற்பார்வையிடும் பொறுப்பு அவ்வாட்சியின் கையிலேயே இருக்குமானால் ஜனங்களுக்கு நியாயம் கிட்டுமா? ரொடீஷியா இக்கேள்விக்கு 1980-ம் ஆண்டில் அளித்த விடை, சுதந்திரத்தின் அருமையை அறிந்த யாவரும் ஆராயத்தக்கது என்பது நமது அபிப்பிராயம்.

1965 நவம்பர் 11-ந் தேதி, இயான் ஸ்மித்தின் வெள்ளையர் சர்க்கார் தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தது. பெரும்பான்மையோரிடம் ஆட்சியை ஒப்படைக்க மனமில்லாமையே அதன் காரணம். ஆப்பிரிக்கர் ஆயுதமேந்திப் போராடினர். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 1979 டிசம்பர் 21-ந் தேதி லண்டன் லாங்காஸ்டர் மாளிகையில் சமரச ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிரிட்டிஷ் கவர்னர் லார்ட் ஸோம்ஸ் அதற்கு முன்னரே ஸாலிஸ்பரியில் வந்திறங்கிவிட்டார்.

காகிதத்தில் கவர்னருக்குச் சர்வ அதிகாரமும் இருந்தது. கையிலிருந்ததோ, காமன்வெல்த் நாடுகள் ஐந்து அனுப்பிய சுமார் 1,300 துருப்புகள்தாம். அவர்கள் வேலை பார்ப்பதேயன்றித் தடுப்பதன்று. விடுதலைப் படையினர் 20,000 பேருக்கு மேல் குறித்த முகாம்களில் வந்து கூடினர். அவர்களை முகாம்களில் இருத்திவிட்டு, ஸ்மித் காலத்துப் படைகளையே ஒழுங்கைக் காக்க வெளியில் ஏவினார் கவர்னர். எல்லையிலுள்ள பெய்ட்பிரிட்ஜில் தென்னாப்பிரிக்கத் துருப்புகள் நிற்கவும் ஜனவரி இறுதிவரை இடங்கொடுத்தார். ஒரு கட்சிக்காரனின் கையைக் கட்டி, மற்றவன் கையில் தடியைக் கொடுப்பதா நடுநிலைமை?

கவர்னருக்கு வேறு போலீஸ் ஏது என்பர் சிலர். ஸானு கட்சியார் கிராமங்களில் பயமுறுத்தவில்லையா என்றும் கேட்பர். இரண்டிலும் உண்மை உண்டு, மறுக்கமாட்டோம். ஆனால் பயமுறுத்தல் எல்லாத் தரப்பிலும் இருந்தது. நடுவர் ஒரு தரப்பின் குற்றத்தை மட்டும் காண்பாரானால், அவர் நடுவராக மாட்டார்.

ஒரு விஷயத்தில் லார்ட் ஸோம்ஸைப் பாராட்டவே வேண்டும். பயமுறுத்தல் மிகுந்த ஜில்லாக்களில் தேர்தல் முடிவை ரத்துச் செய்யும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அதைப் பிரயோகிக்குமாறு வற்புறுத்தல் பலமாக எழுந்தும் அவர் இணங்கவில்லை. இணங்கியிருந்தால் யுத்தம் மீண்டும் மூண்டிருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. காமன்வெல்த் பார்வையாளர் குழுவும் அங்கிருந்தது. நம் நாட்டு ராஜதந்திரி ஸ்ரீ ராஜேஷ்வர் தயாள் அதற்குத் தலைமை வகித்தார். பிற நாட்டார் கண் முன்னே தேர்தல் நடந்தமை ஜனங்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

பிப்ரவரி 27 முதல் 29 வரை ஜனங்கள் திரண்டு வந்து வாக்களித்தனர். மார்ச்சு 4-ந் தேதி முடிவு வெளியாயிற்று. பொதுத் தொகுதிகள் 80-ல், ஸ்ரீ முகாபேயின் கட்சிக்கு 57. ஸ்ரீ ந்கோமோவுக்கு 20. ஸ்மித்துடன் சமரசம் செய்துகொண்ட பிஷப் முஸொரேவாவுக்கு மூன்றே மூன்று! ஏப்ரல் 18-ந் தேதி ஜிம்பாப்வே சுதந்திர நாடாயிற்று.

நடுவரின் தராசு சாய்ந்திருந்தும் ஜனங்களின் தீர்ப்பு சாயவில்லை. ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. சில ஆண்டுகளுக்குள் மாட்டபிலிலாந்தில் புதிய ஆட்சியின் படையே ஆயிரக்கணக்கான குடிகளைக் கொன்றது. முகாபே 2017 வரை பதவியை விடவில்லை. தேர்தல் முடிந்ததும் கவர்னரும் பார்வையாளரும் ஊர் திரும்பிவிடுவர். அதன் பின் ஆட்சியை மேற்பார்வையிட வேண்டியவர்கள் குடிகளே. அந்தப் பொறுப்பை அவர்கள் கைநழுவவிட்டால், வென்ற சுதந்திரம் எஜமானனை மாற்றிக்கொண்டதாகவே முடியும்.