மலையேற இயலாதவருக்கும் தீர்த்தம்

மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது குத்தாலம். அருவி விழும் குற்றாலம் வேறு. காவிரியின் தென்கரையில் விளங்கும் இந்தக் குத்தாலம் வேறு. தேவாரத்தில் திருத்துருத்தி என்று போற்றப்படும் இத்தலத்தில், சொன்னவாறறிவார் என்ற அழகிய திருநாமத்துடன் ஈசன் அருள்பாலிக்கிறார். இவ்வூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழும் முதியோர் பலரின் உள்ளத்தில், காவிரியில் நீராடிய இந்த உடல் ஒரு முறையேனும் இமயத்தின் பனிநீரையும் தொடவேண்டும் என்ற ஆவல் உண்டு. கயிலை, மானசரோவர் என்ற பெயர்களைக் கேட்டாலே கைகூப்பும் தலைமுறை அது.

ஆயினும் வயது என்பது ஒரு தடையாகவே நிற்கிறது. இந்திய அரசு நடத்தும் கயிலை மானசரோவர் யாத்திரைக்கு 70 வயது வரையிலானவர்களே விண்ணப்பிக்க இயலும். மருத்துவப் பரிசோதனையிலும் தேறவேண்டும். இதனால், 'நமக்குக் கொடுத்துவைக்கவில்லை' என்று மனம் நொந்துகொள்வோர் பலர். அவ்வாறு நொந்துகொள்ளத் தேவையில்லை என்பதை இமயத்தின் ஒரு தடாகமும் காவிரிக் கரையின் தலங்களும் ஒருமித்து உணர்த்துகின்றன.

நீலகண்டரின் தடாகம்

நேபாள நாட்டில், காத்மாண்டுக்கு வடக்கே, திபெத் எல்லையை ஒட்டி லாங்டாங் தேசியப் பூங்கா பரந்துள்ளது. 1976-இல் அமைக்கப்பட்ட இப்பூங்காவின் பரப்பு 1,710 சதுர கிலோமீட்டர். செம்பாண்டா, கத்தூரி மான், பனிச்சிறுத்தை ஆகியவை வாழும் இந்த மலைக்காட்டுக்கு மேலே, மரங்களும் வளராத உயரத்தில், பல தடாகங்கள் உள்ளன. பைரவ குண்டம், சரசுவதி குண்டம், சூரிய குண்டம் என்று ஒவ்வொன்றுக்கும் திருப்பெயர் உண்டு. இவற்றுள் தலையாயது கோசாயிகுண்டம். கடல்மட்டத்திலிருந்து 4,380 மீட்டர், அதாவது ஏறத்தாழ 14,370 அடி உயரத்தில் அது அமைந்துள்ளது. குளிர்காலத்தில் இத்தடாகம் உறைந்து பனிப்பாளமாகிவிடும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் பட்டியலில், இதுவும் இதனைச் சார்ந்த தடாகங்களும் 2007-இல் சேர்க்கப்பட்டன.

பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகால நஞ்சைச் சிவபெருமான் உண்டார். கண்டத்தில் தங்கிய நஞ்சின் வெம்மையைத் தணிக்க இம்மலைக்கு எழுந்தருளி, திரிசூலத்தால் பாறையைக் குத்தினார். அங்கே பீறிட்ட ஊற்றுகளின் நீரே தடாகமாயிற்று என்பது ஐதிகம். நீருக்குள் தெரியும் பெரிய பாறையைச் சயனித்திருக்கும் சிவனாகவே பக்தர்கள் வணங்குகின்றனர். இங்கிருந்து வழிந்தோடும் நீர் சேரும் ஆற்றுக்குத் திரிசூலி என்றே பெயர். அது நாராயணி என்னும் கண்டகி நதியுடன் கலந்து, முடிவில் கங்கையை அடைகிறது.

நம்மவர் ஆவணி அவிட்டம் கொண்டாடும் பௌர்ணமியே நேபாளத்தில் ஜனை பூர்ணிமா எனப்படுகிறது. அன்று பூணூல் மாற்றுவதும், மணிக்கட்டில் ரட்சைக் கயிறு கட்டுவதும் அங்கும் வழக்கம். முளைகட்டிய ஒன்பது வகைப் பயறுகளைச் சேர்த்துச் சமைக்கும் 'குவாட்டி' என்ற உணவு இல்லந்தோறும் மணக்கும். அந்நாளில் பல்லாயிரம் பேர் மலையேறி, கோசாயிகுண்டத்தின் குளிர்நீரில் மூழ்கி எழுகின்றனர். இந்துக்களோடு பௌத்தர்களான தாமாங் மக்களும் வருகின்றனர்.

உடலைக் காப்பதும் தருமமே

காத்மாண்டிலிருந்து துஞ்சே என்னும் ஊர் வரை வாகனத்தில் செல்லலாம். அது ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன்பின் மலைப்பாதையில் நடை. சந்தன்பாரி, லௌரிபினா ஆகிய இடங்களைக் கடந்து தடாகத்தை அடையவேண்டும். பக்தி மிகுதியால் பலர் ஓரிரு நாட்களிலேயே இந்த உயரத்தை ஏறிவிடுகின்றனர். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கோசாயிகுண்டத்தின் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். நீர் 85 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால், நம் தஞ்சை அரிசியைத் திறந்த பானையில் வைத்தால் எளிதில் வேகாது. அரிசிக்கே இந்நிலை என்றால், சமவெளியில் பழகிய உடல் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ! தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை மலைநோயின் தொடக்கம். தள்ளாடும் நடை, மனக்குழப்பம், ஓய்ந்திருக்கும்போதும் மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் அது உயிருக்கே கேடு. கோசாயிகுண்டம் வந்த யாத்திரிகர்களை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டோருக்கு மலைநோய் இருந்தது தெரியவந்தது. இதனை முன்னிட்டே, 1973-இல் தோன்றிய இமாலய மீட்புச் சங்கம் ஜனை பூர்ணிமா நாட்களில் அங்கே மருத்துவ முகாம் அமைத்துத் தொண்டாற்றுகிறது.

உடல்நலமும் மருத்துவரின் இசைவும் பெற்று யாத்திரை புறப்படுவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளவேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வு கொள்ளவேண்டும். மலைநோயின் அறிகுறி தோன்றினால் மேலே செல்லாமல் நிற்பதும், அது முற்றினால் உடனே கீழே இறங்குவதுமே முதல் மருந்து. 'இன்னும் சிறிது தூரம்தானே' என்று பிடிவாதம் செய்தல் கூடாது. ஹெலிகாப்டரில் செல்வதும் அச்சத்தை நீக்கிவிடாது. திடீரென்று உயரத்தில் இறங்கும் உடலுக்குப் பழகிக்கொள்ள அவகாசம் இல்லை. ஆவணிப் பௌர்ணமி மழைக்காலம் ஆதலால் பாதை வழுக்கும். நீராடலைக் காட்டிலும் தரிசனமே நோக்கம் என்போர், வானம் தெளிந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம். நேபாளம் செல்ல இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. சோப்பும் பிளாஸ்டிக்கும் அத்தடாகத்தைத் தீண்டலாகாது. அது ஈசன் தாகம் தணித்த நீர்.

குடம் சென்ற வழி

மலையேற இயலாத நேபாளத்து முதியோர் அந்நாளில் என்ன செய்கின்றனர்? அவர்கள் காத்மாண்டுக்கு அருகே பாடன் நகரில் உள்ள கும்பேசுவரர் ஆலயத்துக்குச் செல்கின்றனர். ஐந்து அடுக்குகளாக எழுந்து நிற்கும் பழமையான ஆலயம் அது. ஒரு காலத்தில் பக்தர் ஒருவர் கோசாயிகுண்டத்தில் தவறவிட்ட குடம், இவ்வாலயத் திருக்குளத்தில் மிதந்து வந்ததாம். மலைத் தடாகத்தின் நீர் நிலத்தடி வழியாக இக்குளத்தை அடைகிறது என்பது அம்மக்களின் நம்பிக்கை. ஜனை பூர்ணிமா அன்று குளத்தின் நடுவே லிங்கத்தை எழுந்தருளச் செய்து வழிபடுவர். அங்கு நீராடினாலே கோசாயிகுண்டத்தில் மூழ்கிய பேறு கிட்டும் என்பர்.

இதனைக் கேட்கும் தமிழ் அடியார் நெஞ்சில் உடனே தோன்றுவது திருவையாறு. முதிர்ந்த வயதில் கயிலையைக் காணப் புறப்பட்ட திருநாவுக்கரசர், கால்கள் தேய்ந்து, கைகளால் ஊன்றி, மார்பினால் தவழ்ந்து, உடலெல்லாம் நைந்தும் திரும்ப மறுத்தார். அப்போது ஈசன் அவரை மேலே ஏறிவரச் சொல்லவில்லை. அங்கிருந்த தடாகத்தில் மூழ்கப் பணித்தார். இமயத்தில் மூழ்கிய அப்பர், திருவையாற்றுக் குளத்தில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி கண்டார். ஆடி அமாவாசைதோறும் அந்தக் கயிலைக் காட்சி விழாவாகக் கொண்டாடப்படுகிறது. அங்கே ஒரு குடம், இங்கே ஓர் அடியார். இரண்டும் கூறும் செய்தி ஒன்றே.

காவிரி காட்டும் கருணை

மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் ஐப்பசி மாதம் முழுவதும் கங்கை முதலிய புண்ணிய நதிகள் காவிரியில் வந்து கலப்பதாக ஐதிகம். ஐப்பசியின் இறுதி நாள் கடைமுழுக்கு. அதற்குள் வந்து சேர இயலாத கால் ஊனமுற்ற பக்தர் ஒருவர் கலங்கி வேண்ட, கார்த்திகை முதல் நாளிலும் அதே பலனை ஈசன் அருளினார். முடவன் முழுக்கு என்று இன்றும் அந்நாள் வழங்குகிறது. நடக்க முடிந்தவர்களுக்கு ஒரு மாதமும், நடக்க முடியாதவர் ஒருவருக்காகத் தனியே ஒரு நாளும் கொடுத்த பெருமான் அவர்.

குத்தாலமோ இதனினும் நெருக்கமான ஆறுதலைத் தருகிறது. கண்பார்வை இழந்து, ஒரு கண் மட்டும் காஞ்சியில் பெற்று, உடற்பிணியோடு இங்கு வந்த சுந்தரர், ஈசன் ஆணைப்படி இத்தலத்துத் திருக்குளத்தில் மூழ்கி, பிணி நீங்கி ஒளிபெற்ற மேனியுடன் எழுந்தார். இங்குக் காவிரியில் நிகழும் கார்த்திகைக் கடைஞாயிறு தீர்த்தவாரியும் சிறப்புடையது.

ஆகவே, இயன்றவர்கள் அவசரமின்றி, உடலறிந்து இமயத் தடாகத்தைத் தரிசித்து வரட்டும். இயலாதவர்கள் வரும் ஆவணிப் பௌர்ணமியன்று அருகிலுள்ள திருக்குளத்தின் படியில் அமர்ந்து, நீலகண்டரை நினைந்து, ஒரு கை நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ளட்டும். படியிறங்கவும் முடியாதவருக்கு அந்த நீரை இல்லத்துக்கு எடுத்துச் சென்று கொடுப்பது பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உரிய புண்ணியம். அப்பரைக் குளத்தின் வழியே அழைத்துவந்த ஐயாறப்பர், அவர்களுக்கும் அருள்புரிவார்.